தம்பி அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டர்

கர்சர் நின்றுவிட்டது. ஹெட்போனுக்குள் உப்பளத்து அம்மாள், வெள்ளென எந்திரிச்சுப் போயிருவோம் தாயி என்று சொல்ல வந்தவள், வெள் வெள் வெள் வெள் என்று அதிலேயே மாட்டிக்கொண்டாள். அறுபது வயசு மனுஷி, முப்பது வருஷம் உப்புத் தண்ணியில் நின்ற கால், அவளைப் போய் நாய் மாதிரிக் குரைக்க வைக்கிறதே என்று செண்பகவல்லிக்கு ஆத்திரமாக வந்தது. மவுஸை அசைத்தாள். அசையவில்லை. அசைக்கக்கூடாது, அசைத்தால் எல்லாவற்றையும் மனசில் வைத்திருந்து உயிர் வந்ததும் ஒரே ஓட்டமாக எங்கேயாவது போய் எதையாவது அழித்துவிடும், நேற்று அப்படித்தான் அரைப் பக்கம் போயிற்று. கையை மடியில் வைத்துக்கொண்டு எண்ணினாள். ஏழு, எட்டு. காலையில் உட்கார்ந்ததிலிருந்து இது நாலாவது தடவை. ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கிய கம்ப்யூட்டர், இன்று வியாழன், அஞ்சு நாள்கூட முழுசாக ஆகவில்லை, பிளாஸ்டிக் வாசனைகூடப் போகவில்லை. பதினாறு, பதினேழு. பேட்டிகளைக் கேட்டு எழுதிக் கொடுக்கிற வேலை அவளுக்குப் பதினோரு வருஷப் பழக்கம். யாரோ ஆராய்ச்சிக்காக எடுத்து வருகிற பேச்சை ஒரு சொல் விடாமல், இருமலையும் இழுவையையும் சும்மா இருந்த நேரத்தையும் சேர்த்துத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். பழைய பெட்டி கிழடு தட்டிப் போயிருந்தாலும் மெதுவாக நடந்தது, இப்படி நடுரோட்டில் நின்று முழித்ததில்லை. இருபத்து மூணு. திடீரென்று அம்மாள் மூச்சு விட்டு, ளென எந்திரிச்சு, என்று ஒன்றுமே நடக்காததுபோலத் தொடர்ந்தாள். செண்பகம் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். காது வேர்த்திருந்தது. இருபத்து மூணு வரை எண்ணுகிற நேரத்தில் ஒரு மனுஷி எத்தனை நினைத்துவிடலாம், எல்லாம் தம்பியில் போய் முடிகிற நினைப்பு.

பூவநாதன்தான் இதை அசெம்பிள் பண்ணியது. அவளுடைய ஒரே தம்பி. ஆறு வருஷம் குடித்துக் கடையை இழுத்து மூடி, மதுரையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் மூணு மாசம் கிடந்து எழுந்து, பதினாலு மாசமாகத் தொடாமல் இருக்கிறான். இருக்கிறான் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழையபடி கம்ப்யூட்டர் கடை திறந்து எட்டு மாசம். உனக்கு ஒண்ணு நானே செஞ்சு தாரேன்கா என்று அவன் கேட்டு வந்தபோது வேண்டாம் என்று சொல்ல அவளால் ஆகவில்லை, வேண்டாம் என்றால் உன்னை நம்பவில்லை என்று அர்த்தம். சரி என்று சொன்னதால் இப்போது ஒவ்வொரு முறை கர்சர் நிற்கும்போதும் நம்புகிறாயா, நம்புகிறாயா என்று அது கேட்கிறது. காலையில் அவள் புருஷன் தனுஷ்கோடி, டிரில் வாத்தியார், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே, இன்னும் நின்னு நின்னுதான் ஓடுதா என்று விசாரித்தார். அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்து நீட்டினாள். யாரு மாட்டுனதுன்னு தெரியும்ல, என்று சொல்லிவிட்டு செருப்பைத் தேடினார். அவ்வளவுதான். அவர் கெட்டவர் இல்லை. தம்பியை மதுரைக்குக் காரில் கூட்டிப்போனதே அவர்தான், வழியில் இரண்டு தடவை வாந்தியைத் துடைத்தவரும் அவர்தான். அதனால்தான் அந்தச் சொல்லுக்கு இத்தனை கனம். துடைத்தவர் சொன்னால் எதை வைத்து மறுப்பது.

தப்பு வேறு எங்கேயாவது இருக்க வேண்டும். அவள் திங்கட்கிழமையிலிருந்து அந்த வேறு எங்கேயாவதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள். முதலில் கரண்ட் என்று நினைத்தாள், பிளக்கை ஹாலில் இருந்த வேறு இடத்துக்கு மாற்றினாள். பிறகு மவுஸ் என்று நினைத்துப் பழைய மவுஸைச் சொருகினாள். அப்டேட் போட்டாள், ஒரு மணி நேரம் வட்டம் சுற்றிவிட்டுப் பழையபடியே நின்றது. போனில் வீடியோ பார்த்தாள், ஒரு பையன் நண்பர்களே நண்பர்களே என்று மூச்சு விடாமல் பேசி, வைரஸ் பார்க்கிற புரோகிராமை நிறுத்துங்கள் என்றான். நிறுத்தினாள். அன்று மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒரு தடங்கலும் இல்லை, அவளுக்குச் சாமி கும்பிடத் தோன்றியது, கும்பிட்டும்விட்டாள், திரும்பி வந்து உட்கார்ந்தால் வெள் வெள். ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கிற சோதனையை ஓடவிட்டுப் படுத்தாள், காலையில் பார்த்தால் குற்றம் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது. அதைப் படித்து அவள் சந்தோஷப்படத்தான் வேண்டும், தம்பி வாங்கிய ரேம் நல்ல ரேம். ஆனால் சந்தோஷம் வரவில்லை. எதையெல்லாம் குற்றமில்லை என்று தள்ளுகிறாளோ அதையெல்லாம் தாண்டித் தாண்டி மீதி இருக்கிற இடத்துக்கு, அவன் கை பட்ட இடத்துக்கு, கிட்டே போய்க்கொண்டிருந்தாள். நேற்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை பார்த்ததில் ஒன்று தெரிந்தது. நிற்கிற நேரத்திலெல்லாம் டிஸ்க் நூறு சதவீதம் என்று சிவப்பாகிறது, ஆனால் எதையும் படிக்கவுமில்லை எழுதவுமில்லை. முழு வேலையில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது. அதைப் பார்த்ததும் பழைய நாட்கள் ஞாபகம் வந்தது, கடையில் ஏகப்பட்ட வேலைக்கா என்று அவன் போனில் சொல்வான், கடை பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பூட்டுக்கு முன்னால் நின்றுதான் அவள் அந்தப் போனைப் பேசிக்கொண்டிருப்பாள். சீ, கம்ப்யூட்டரைப் பார்த்து ஆளை நினைப்பதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நினைப்பு அதைக் கேட்டால்தானே.

ஞாயிற்றுக்கிழமை அவன் எப்படி இருந்தான் என்று மறுபடி ஓட்டிப் பார்த்தாள், ஆடியோவைப் பின்னுக்கு இழுத்துக் கேட்பது மாதிரி. ஆட்டோ டிரைவர் பெட்டியைத் தூக்கி வந்து வைத்தார், அவன் பின்னாலேயே வந்தான். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. முகம் ஊதியிருக்கவில்லை. கண் சிவப்பு, ஆனால் வெயிலில் வந்த கண். வயர் எல்லாவற்றையும் அவளையே சொருகச் சொன்னான், நீயே சொருகிப் பழகுக்கா, நாளைக்கு நகட்டி வைக்கணும்னா தெரியணும்ல என்றான், கையைக் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அவள் குனிந்து மேசைக்கு அடியில் தடவிச் சொருகிவிட்டு எழும்போது வேண்டுமென்றே அவன் பக்கமாகச் சாய்ந்து எழுந்தாள். மோந்து பார்க்க. நாற்பத்தாறு வயசில் கூடப் பிறந்தவனை மோந்து பார்க்கிறோம் என்று அப்போதே கூசியது. சோப்பு வாசனையும் வேர்வையும்தான் அடித்தது. ஆனால் மோந்து கண்டுபிடிக்க முடியாதபடி குடிக்கவும் அவனுக்குத் தெரியுமே, ஆறு வருஷத்தில் கொத்தமல்லியும் ஏலக்காயும் எத்தனை மென்றிருப்பான். பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டான். ஏன் அவ்வளவு சீக்கிரம். வேலை இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போக இருந்திருக்கும். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும். இந்தப் பதினாலு மாசமாக அவனிடம் கேட்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து எழுதினால் உப்பளத்து அம்மாளின் பேட்டியைவிட நீளமாக வரும்.

பதினோரு மணிக்கு அஞ்சாவது தடவை நின்றபோது பொறுக்க முடியாமல் போனை எடுத்தாள். கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசக்கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டாள். சும்மா கூப்பிட்டேன் என்று ஆரம்பித்து, பாப்பாவுக்குப் பரிட்சை எப்போது, அமுதாவுக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அமுதா என்கிறது அவன் பெண்டாட்டி. அவன் பதில் சொன்னான். என்ன பதில் சொன்னான் என்று போனை வைத்த பிறகு அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை, ஏனென்றால் அவள் கேட்டது பதிலை இல்லை. ழகரம் எங்கே வருகிறது என்று காத்துக்கொண்டிருந்தாள். குடித்தால் அவனுக்கு முதலில் போவது ழகரம்தான், பிறகு சொல்லின் வால். வெள்ளிக்கிழமை என்று ஒரு தடவை சொன்னான், கிழமை சரியாகத்தான் இருந்தது, ஆனால் கொஞ்சம் அதிகமாகவே சரியாக இருந்ததோ, பார்த்துப் பார்த்து வைத்த மாதிரி. இன்னொரு ழகரத்துக்காக, பழைய கடை வாடகைக்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று தேவையில்லாமல் ஒன்றைக் கேட்டாள். அந்தப் பக்கம் சத்தமில்லை. அவள் தொழிலில் சத்தமில்லாத நேரத்தையும் குறிக்க வேண்டும், எத்தனை வினாடி என்று. ஆறு வினாடி இருக்கும்.

"நான் சொல்றத நீ கேக்கலக்கா," என்றான் பூவநாதன். "என் நாக்கத்தான் கேட்டுக்கிட்டு இருக்க."

அவன் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவுமில்லை, கடையில் ஆள் நிக்காங்க வைக்கட்டுமா என்று கேட்டான், சரி என்பதற்குள் வைத்துவிட்டான். செண்பகம் போனைக் குப்புற வைத்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை, அதற்குப் பதிலாகக் கோபம் வந்தது, அவன்மேல் இல்லை, மேசைக்குக் கீழே பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு உர்ரென்று உட்கார்ந்திருக்கிற அந்தப் பெட்டியின் மேல். இதனால்தானே எல்லாம். ஒழுங்காக ஓடியிருந்தால் அவள் ஏன் கூப்பிடப் போகிறாள், அவன் ஏன் அந்தச் சொல்லைச் சொல்லப் போகிறான். சுவிட்சை அணைத்தாள், பிளக்கைப் பிடுங்கினாள், பெட்டியை வெளியே இழுத்துத் தரையில் நிறுத்தினாள். தையல் மெஷின் டிராயரிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து, நண்பர்களே பையன் காட்டியபடி பக்கத்துத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே என்ன இருக்கும் என்று பயந்தாளோ தெரியவில்லை. கண்டபடி தொங்குகிற வயர், பிசுபிசுப்பு, அவசரத்தில் சொருகிவிட்டு ஓடின கோலம், அப்படி ஏதோ. ஆனால் உள்ளே பார்த்ததும் அவளுக்கு மூச்சே மெதுவாகிவிட்டது. ஒவ்வொரு வயரும் கறுப்பு டையால் சேர்த்துக் கட்டி, பிள்ளைக்குப் படிய வாரிப் பின்னல் போட்ட தலை மாதிரி, ஓரத்தோடு ஓரமாகப் போயிருந்தது. டையின் மிச்ச நுனியைக்கூட வெட்டி விட்டிருந்தான். இது குடித்தவன் வேலை இல்லை. இல்லவே இல்லை. தனுஷ்கோடியை இப்போதே கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. அவள் போனின் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, ரசித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தாள், ரேம் இரண்டும் நன்றாக அமுங்கியிருந்தன, கீழே விரல் நீளத்துக்குத் தகடு மாதிரி எஸ்எஸ்டி, அதில்தான் எல்லாம் பதிந்திருக்கும் என்று பையன் சொல்லியிருந்தான், அது ஒரு பக்கம் சொருகி, மறுபக்கம் சாய்ந்து தூக்கிக்கொண்டு நின்றது. தொட்டாள். ஆடியது. அதை அமுக்கி வைக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி, மிளகில் பாதிகூட இருக்காது, அதற்குள் ஸ்க்ரூ இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஃபேன் சுற்றும்போது அதிர்ந்து அதிர்ந்து அந்தத் தகடு தொடுப்பு விட்டு விட்டுச் சேர்ந்திருக்கிறது, அதுதான் நின்று நின்று ஓடுகிறது. காரணம் தெரிந்துவிட்டது, நாலு நாளாகத் தேடிய காரணம், தெரிந்ததில் ஒரு சொட்டு நிம்மதி இல்லை. ஏனென்றால் இத்தனை வயரையும் இப்படிக் கட்டுகிறவனுக்கு ஸ்க்ரூ மறக்காது. மறக்கவில்லை என்றால் போட முடியவில்லை. அவ்வளவு சின்னதைப் பிடிக்க நிதானமான விரல் வேண்டும். அம்மா செத்த அன்றைக்குக் கொள்ளிக்குடம் எடுத்தவன் அவன், ஒரே பிள்ளை, வேறு யார் எடுப்பது. பட்டப்பகல் பன்னிரண்டு மணி, காலையிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தான். இரண்டாவது சுற்று முடியும்முன் குடம் தோளிலிருந்து நழுவிற்று. மூணாவது சுற்றுக்குக் குடம் இல்லை. அவள் பெண்பிள்ளை, சுடுகாட்டுக்குப் போகவில்லை, ஆனாலும் தனுஷ்கோடி வந்து சொல்லாமல் விட்டதையும் வேறு யாரோ சொன்னதையும் வைத்து அந்தக் குடம் விழுகிறதை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். இப்போதும் பார்த்தாள். ஓடு சிதறித் தண்ணீர் மண்ணில் இறங்குகிறது, அவன் கை வெறுங்கையாக நடுங்கிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கைதான் இந்தக் குழிக்கு மேலேயும் நடுங்கியிருக்கிறது. அப்படியானால் திரும்ப ஆரம்பித்துவிட்டான். எப்போதிருந்து. அமுதாவுக்குத் தெரியுமா. வெள்ளிக்கிழமை என்று அத்தனை சுத்தமாகச் சொன்னானே. பழைய பெட்டியிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்துத் தானே போட்டுவிட்டால் என்ன, போட்டு மூடிவிட்டு, எல்லாம் சரியாக ஓடுகிறது தம்பி என்று சொல்லிவிட்டால். யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு தெரியாத மாதிரி இருப்பதில் அவள் கைதேர்ந்தவள், ஆறு வருஷம் அப்படித்தான் இருந்தாள், அந்த ஆறு வருஷமும் அவனை எங்கே கொண்டுபோய் விட்டது என்றும் அவளுக்குத் தெரியும்.

வெளியே பைக் நிற்கிற சத்தம் கேட்டது. எழுந்து பெட்டியை மூட வேண்டும் என்று நினைத்தாள், எழவில்லை. பூவநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். தரையில் அக்கா, பக்கத்தில் திறந்த பெட்டி, அவள் கையில் எரிகிற டார்ச், எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தான். அவனும் தரையிலேயே, பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். நின்னு நின்னு ஓடுதா என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே போனை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்ததாகச் சொன்னான், இன்று அவள் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரைத் தவிர மற்றதையெல்லாம் பேசியதும் கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டானாம். பிறகு சட்டைப்பையில் விரலை விட்டு ஒரு மடித்த காகிதத்தை எடுத்தான். எடுக்கிறபோதுதான் அவள் பார்த்தாள். விரல்கள் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு ஆடின. காகிதம் படபடவென்று சத்தம் போட்டது. பதினாலு மாசமாக அவன் கையைக் கட்டிக்கொண்டும் பையில் விட்டுக்கொண்டும் இருந்ததை அவள் அடக்கம் என்று நினைத்திருந்தாள்.

"குடிச்சியா," என்று கேட்டுவிட்டாள். பதினாலு மாசமாகக் கேட்காதது, வாயிலிருந்து அவ்வளவு சாதாரணமாக வந்தது.

"இல்லக்கா." அவன் காகிதத்தைத் தரையில் வைத்தான். "குடிச்சா இது நின்னுரும். ஒரு வாய் போட்டிருந்தேன்னா அந்த ஸ்க்ரூவ ஒரு நிமிசத்துல முடுக்கியிருப்பேன்."

அதற்குப் பிறகு அவன் பேசியதெல்லாம் பெட்டியைப் பார்த்துத்தான். நிறுத்தினதிலிருந்தே கை இப்படித்தான் இருக்கிறது, குறையும் என்றார்கள், கொஞ்சம் குறைந்தது, மீதி போகவில்லை, போகாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடைக்கு வருகிற வேலையில் சின்ன ஸ்க்ரூ எல்லாம் மத்தியானம் சோறு கொண்டுவரும்போது அமுதா முடுக்கிக் கொடுத்துவிடுவாள். இதை மட்டும் அவளைத் தொட விடவில்லை. உனக்குச் செய்றத நான் ஒருத்தனே முழுசாச் செய்யணும்னு இருந்துச்சு, என்றான். வயர் கட்ட இரண்டு நாள் ஆயிற்று. இந்த ஒரு ஸ்க்ரூவுக்கு மூணு நாள் மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான், விழுந்து விழுந்து, தேடித் தேடி எடுத்து. மூணாவது நாள் ஷட்டருக்கு வெளியே தெருவைத் தாண்டி எங்கே போனால் கை நிற்கும் என்று நினைப்பு ஓடியிருக்கிறது. எழுந்தும்விட்டான். பிறகு ஸ்க்ரூ போடாமலே பெட்டியை மூடி ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டான், நிக்கும்னு நெனச்சேன்கா, ஆடாம வச்சிருந்தா நிக்கும்னு நெனச்சேன்.

நாக்கைக் கேட்டதற்கு, மோந்து பார்த்ததற்கு, கொஞ்சநேரம் முன்னால் அவன் திரும்ப ஆரம்பித்துவிட்டான் என்று மனசுக்குள் எழுதி முடித்து முற்றுப்புள்ளி வைத்ததற்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வேண்டியிருந்தது. செண்பகம் காகிதத்தைப் பிரித்தாள். அந்த ஸ்க்ரூவை நகத்தால்தான் எடுக்க முடிந்தது. எப்பிடிப் போடணும் சொல்லு, என்றாள். அவன் டார்ச்சை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், வெளிச்சம் ஆடியது, ஆடுகிற வெளிச்சத்தில் குழி நகர்ந்துகொண்டே இருந்த மாதிரி இருந்தது. தகட்டை விரலால் அமுக்கச் சொன்னான், ரொம்ப அமுக்காதே என்றான், நுனியில் ஸ்க்ரூவை ஒட்டவைத்து நேராக இறக்கச் சொன்னான். முதல் தடவை விழுந்தது. மதர்போர்டுக்கு அடியில் உருண்டுபோனதைப் பெட்டியைச் சாய்த்துத் தட்டி எடுத்தார்கள். இரண்டாவது தடவையும் விழுந்தது. அவளுக்கு எரிச்சலில் வாயில் என்னமோ வந்தது, அடக்கிக்கொண்டாள், மூணு நாள் மத்தியானம் என்று நினைத்தாள். அடுத்த தடவை பிடித்துக்கொண்டது. போதும், இறுக்காத, என்றான். மூடாமலே பிளக்கைச் சொருகி ஆன் பண்ணினார்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். உப்பளத்து அம்மாள் வெள்ளென எழுந்து, பாத்தி மிதித்து, வரப்பில் வாரிக் குவித்து, மத்தியானம் நிழலில்லாமல் கஞ்சி குடித்து, காலில் விழுந்த வெடிப்புக்கு மெழுகு உருக்கி விட்டதுவரை ஒரு மூச்சில் சொன்னாள். இருவரும் தரையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார்கள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மச்சான் கேட்டா என்ன சொல்லுவ, என்று பூவநாதன் கேட்டான். நடந்தத சொல்லுவேன், என்றாள். அவன் டார்ச்சை அணைத்துவிட்டு, சரி என்றான்.

காப்பி போட்டுக்கொண்டு வரப் போனாள். அடுப்படியில் டிகாஷனைக் கலந்து டம்ளரில் ஊற்றும்போது அவள் கை தானாகவே பாதியில் நின்றது. பாதிதான் சரி, பாதி என்றால் தளும்பாது. கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டு கையாலும் எடுத்து அவளிடமே நீட்டினான்.

"நெறைய ஊத்துக்கா. கொட்டுனா தொடச்சுக்கிடலாம்."

செண்பகம் வாங்கிக்கொண்டு போய் விளிம்புவரைக்கும் ஊற்றினாள்.